ஒரு ஸ்பேஸ், ஒரு உயிர்: வேதப்புரட்டரைக் கொல்லச் சொல்கிறதா பைபிள்?

பைத்தான்ல ஒரு ஸ்பேஸ் தப்பா விழுந்து, ராத்திரி பூரா எரரைத் தேடின அனுபவம் உங்கள்ல பலருக்கு இருக்கும். இன்னைக்கு எபிசோட் அப்படி ஒரு ஸ்பேஸ்லதான் ஆரம்பிக்குது.

எராஸ்மஸ்னு ஒரு டச்சு அறிஞர். 1511-ல வந்த அவரோட நையாண்டிப் புத்தகத்துல ஒரு காட்சி. இறையியல் விவாதம் நடக்குது. மாற்றுக் கொள்கை பேசுறவங்களை வாதம் பண்ணித் திருத்தாம எரிக்கணும்னு பைபிள்ல எங்க இருக்குன்னு ஒருத்தர் கேட்கிறார். ஒரு வயசான பண்டிதர் கோபமா தீத்து 3:10-ஐக் காட்டுறார். வேதப்புரட்டனுக்கு ஒண்ணு ரெண்டு தடவை புத்தி சொல்லு, கேட்கலைன்னா விலகிடு என்பதுதான் அந்த வசனம். 'விலகு' என்பதற்கு லத்தீன்ல 'தேவீட்டா'. பெரியவர் நடுவுல ஸ்பேஸ் போட்டு 'தே வீட்டா'ன்னு படிச்சுட்டார். அப்படின்னா 'உயிரிலிருந்து'. ஆளையே உயிரிலிருந்து நீக்கிடு!

கேட்க சிரிப்பா இருக்கு. ஆனா தப்பாப் படிச்சவங்கதான் கொன்னாங்கன்னு நினைச்சா ஏமாந்துடுவோம்.

ஜெனீவாவுக்கு வாங்க, 1553. மிகுவேல் செர்வேட்டஸ், ஸ்பெயின்காரர், டாக்டர். ரத்தம் நுரையீரல் வழியா சுத்தி வருதுன்னு ஐரோப்பாவுல முதல்ல அச்சுல எழுதினவர். அதையும் ஒரு இறையியல் புத்தகத்துக்குள்ளதான் எழுதினார்! திரித்துவம், குழந்தை ஞானஸ்நானம் ரெண்டையும் மறுத்தார். பிரான்ஸ்ல கத்தோலிக்கர்கள் பிடிச்சாங்க, தப்பிச்சார். ஆள் கிடைக்காததால அவரோட உருவத்தை எரிச்சாங்க. ஆகஸ்ட்ல ஜெனீவா வந்து சர்ச்சுல உட்கார்ந்திருந்தவரை அடையாளம் கண்டுட்டாங்க. அக்டோபர் 27-ஆம் தேதி நகர சபை அவரை உயிரோட எரிச்சது. குற்றப்பட்டியலுக்குப் பின்னாடி இருந்தவர் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வின். எரிக்காம தலையை வெட்டலாமேன்னு அவர் கேட்டார், சபை ஒத்துக்கலை. கொல்லவே வேண்டாம்னு அவர் கேட்கலை.

கால்வினுக்கு லத்தீனும் தெரியும், கிரேக்கமும் தெரியும். ஸ்பேஸ் பிரச்சினையே கிடையாது. 1554-ல அவர் எழுதின பதில்ல முக்கியமா கைவைச்சது பழைய ஏற்பாட்டுல, உபாகமம் 13. வேற தெய்வத்துக்கு இழுக்கிறவன் சொந்த சகோதரனா இருந்தாலும் கொல்லணும்னு அங்க நேராவே இருக்கு. இதை மழுப்ப முடியாது. ஆனா மோசேயின் அரசியல் சட்டங்கள் எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தாதுன்னு எழுதினவரும் இதே கால்வின்தான். எனக்கு இடிக்கிற இடம் இதுதான்.

அவர் ஏன் பழைய ஏற்பாட்டுக்குப் போகணும்? புதிய ஏற்பாட்டுல சபைக்கு அப்படி ஒரு கட்டளை இல்லை. லூக்கா 9-ல ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை ஏத்துக்கலை. வானத்துலருந்து நெருப்பை வரவழைக்கட்டுமான்னு சீஷர்கள் கேட்கிறாங்க. அவர் அவங்களைத்தான் அதட்டுறார். மத்தேயு 13 இன்னும் சிக்கல். கோதுமை வயல்ல களை முளைக்குது. பிடுங்கட்டுமான்னு வேலைக்காரங்க கேட்க, களையோட கோதுமையும் வந்துடும், அறுவடை வரை விடுன்னு சொல்றார் எஜமான். வேதப்புரட்டரைக் கொல்லாதேங்கிறதுதான் இதுன்னு நாலாம் நூற்றாண்டுலயே கிறிசோஸ்தம் பிரசங்கம் பண்ணிட்டார். பதிமூணாம் நூற்றாண்டுல தாமஸ் அக்குவினாஸ் அதுல ஒரு 'இஃப் கண்டிஷன்' சேர்த்தார்: கோதுமைக்கு ஆபத்து இல்லைன்னா பிடுங்கலாம். கள்ளக்காசு அடிக்கிறவனுக்கே மரணம்னா, விசுவாசத்தைக் கெடுக்கிறவனுக்கு இன்னும் நியாயம்தானேன்னும் கேட்டார். லாஜிக் கச்சிதம். ஆனா எது களைன்னு நமக்குத் தெரியும்னு அது முன்கூட்டியே முடிவு பண்ணிடுது. கதையில வேலைக்காரங்களுக்கு இல்லாதது அந்த நிச்சயம்தான்.

இதைப் பிடிச்சவர் செபாஸ்டியன் காஸ்டெல்லியோ. ஒரு காலத்துல ஜெனீவா பள்ளித் தலைவர், கால்வினோட முரண்பட்டு வெளியேறினவர். 1554-லயே புனைபெயர்ல ஒரு தொகுப்பு போட்டார். வேதப்புரட்டன்னா யாருன்னு தேடித் தேடிப் பார்த்தா, நம்ம கருத்தோட ஒத்துப்போகாதவனைத்தான் அப்படிக் கூப்பிடுறோம் என்பது அவரோட வாதம். சகிப்புக்கு ஆதரவான பழைய எழுத்துகளை அதுல சேர்த்தார். குசும்பைப் பாருங்க, இளவயசு கால்வின் எழுதினதும் அதுல ஒண்ணு!

கால்வினுக்கு நேரடியா அவர் எழுதின மறுப்பு அச்சேறினது 1612-ல. காஸ்டெல்லியோ 1563-லயே இறந்துட்டார். செர்வேட்டஸை எரிச்ச ஷாம்பெல்ல, 1903-ல கால்வினோட வழிவந்தவங்களே வருத்தம் தெரிவிச்சு ஒரு கல் நட்டாங்க.