பாதத்தில் கரும்புள்ளியா? அலட்சியம் வேண்டாம்!

கடைக்குள் செருப்பில்லாமல் நாள் முழுக்க நிற்பவர்கள் நாம். உள்ளங்காலை என்றைக்காவது திருப்பிப் பார்த்ததுண்டா?

தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய் 'மெலனோமா'. வெள்ளையர்களுக்குப் பெரும்பாலும் வெயிலால் வருகிறது. நமக்கு இது அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம். அங்கே வெயில் முக்கியக் காரணமல்ல. காலாணி, ரத்தக்கட்டு என்று விட்டுவிடுவதே ஆபத்து. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் இந்நோய் தெரிந்தது. 1981இல், 36 வயதில் காலமானார்.

புள்ளி பெரிதாவது, ஓரம் கோணலாவது, பல நிறமாவது, புண் ஆறாதது, நகத்தில் கருங்கோடு அகலமாவது ஆகியவை எச்சரிக்கைகள். பிளேடால் சீவாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் உண்மை தெரியும். ஆரம்பத்திலேயே அறுவை செய்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். உடலுக்குள் பரவிவிட்டால் பிழைப்பவர் குறைவு.

ஓசூர், கிருஷ்ணகிரி அன்பர்கள் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். மேல்சிகிச்சைக்கு எல்லை தாண்டினால் பெங்களூரு கித்வாய் மருத்துவமனை; சென்னையில் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

மாதம் ஒருமுறை சரக்கு இருப்புப் பார்க்கிறோம். அன்றே பாதத்தையும் பார்த்துவிடுவோம்!