தள்ளுவண்டிக்குள்ளே பௌதிகம்!



சங்க வேலையாக அண்மையில் ஜொகூர், செடெனாக் பக்கம் போயிருந்தோம். கூலாய்க்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டிய ஊர். ரப்பரையும் செம்பனையும் நம்பியே தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் வாழ்ந்த வட்டாரம்.

தோழர்களோடு பேச வேண்டியதை எல்லாம் பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பழம் அறுக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

வீட்டில் மகள் மூன்றாம் படிவம் படிக்கிறாள். அவள் முன்னே ஒரு பாரம் கிடந்தது. நான்காம் படிவத்தில் என்னென்ன பாடம் எடுப்பது என்று நிரப்பிக் கொடுக்க வேண்டிய பாரம். பௌதிகம் என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்துத் தாளே தேய்ந்து போயிருந்தது.

"என்னம்மா, முகம் வாடியிருக்கு?" என்றோம். பதில் அப்பாவிடமிருந்து வந்தது.

"பௌதிகம் எடுக்கணும்னு ஆசைப்படுது அண்ணே. நமக்கு எங்க அதெல்லாம் ஏறும்? நான் ஆறாம் வகுப்போட நின்னவன். அதோட அம்மாவும் அப்படித்தான். வீட்டுல சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல. லேசான பாடமா எடுத்துக்கிட்டா பாஸாவது ஆகும்ல?"

நாமும் தோட்டப் பள்ளியில் படித்தவர்கள்தாம். சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. வாசலைப் பார்த்தோம். அங்கே சுவரில் சாய்ந்து நின்றது அவருடைய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி!

"தம்பி, இதுல ஒரு நடைக்கு எத்தனை குலை ஏத்துவீங்க?"

"மூணு ஏத்துவேன். குலைக்கு இருபது கிலோ வெச்சுக்குங்க."

"எந்தப் பக்கமா வைப்பீங்க?"

"இது என்னண்ணே கேள்வி? சக்கரத்துப் பக்கமாத்தான். கைப்பிடிப் பக்கம் வெச்சா தோள் கழன்டு போயிடும்!"

"ஏன் கழன்டு போகும்?"

அவர் சிரித்தார். "அது அப்படித்தான். அனுபவம்!"

தோழர்களே, அந்த அனுபவத்துக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கும் பெயர்தான் பௌதிகம்!

பத்துக் கிலோ எங்கே போயிற்று?

அளவு நாடாவைக் கொண்டுவரச் சொன்னோம். சக்கரத்தின் அச்சிலிருந்து கைப்பிடி வரை 150 செண்டிமீட்டர் இருந்தது. மூன்று குலையையும் அச்சிலிருந்து 50 செண்டிமீட்டர் தூரத்தில் வைப்பதாக எண்ணிக்கொள்வோம். மொத்தம் 60 கிலோ. வண்டியின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

கணக்கு இதுதான். பளுவை அதன் தூரத்தால் பெருக்கினால் என்ன வருமோ, அதுவே கை கொடுக்கும் விசையை அதன் தூரத்தால் பெருக்கினாலும் வரவேண்டும். 60-ஐ 50-ஆல் பெருக்கினால் 3000. அதை 150-ஆல் வகுத்தால் 20. அதாவது 60 கிலோ பளுவைத் தூக்கக் கை கொடுக்க வேண்டியது 20 கிலோதான்!

"இப்ப குலையை 75 செண்டிமீட்டருக்குப் பின்னால தள்ளி வெச்சா என்னம்மா ஆகும்?" என்று கேட்டோம். அவள் விரலால் மேசையில் எழுதிப் பார்த்தாள். "முப்பது கிலோ, பெரியப்பா!"

அப்பாவுக்குத் திகைப்பு. "அதே குலை, அதே வண்டி. பத்துக் கிலோ வித்தியாசமா?"

ஆமாம். நாளைக்கு முப்பது நடை போனால் முந்நூறு கிலோ வீண் சுமை. மாதக் கணக்கில் முதுகு ஏன் வலிக்காது?

ஆனால் ஒன்று. இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. கைப்பிடியை 30 செண்டிமீட்டர் தூக்கினால் குலை 10 செண்டிமீட்டர்தான் உயரும். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்துத்தான் ஆகவேண்டும். எல்லா எளிய இயந்திரத்துக்கும் சட்டம் இதுவே.

மகளின் புத்தகத்தில் கிலோவுக்குப் பதிலாக 'நியூட்டன்' என்று இருந்தது. அதற்கும் பயப்பட வேண்டாம். ஒரு கிலோப் பொருளைப் பூமி இழுக்கும் விசை ஏறக்குறைய 10 நியூட்டன். ஆகவே 20 கிலோவைத் தூக்கும் விசை 200 நியூட்டன். அவ்வளவே.

காண்டாக் கம்பும் ஆர்க்கிமிடீஸும்

ரப்பர்க் காலத்தில் நம் தாய்மார்கள் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடந்தார்களே, அதுவும் நெம்புகோல்தான். தோள்தான் கம்பைத் தாங்கும் இடம். முன் வாளியில் 12 கிலோ, பின் வாளியில் 8 கிலோ இருந்தால் கம்பை நடுவில் வைத்தால் நிற்குமா? நிற்காது. அம்மா யோசிக்காமலே கம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். கம்பு 150 செண்டிமீட்டர் என்றால், தோளிலிருந்து முன்பக்கம் 60, பின்பக்கம் 90. பெருக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் 720!

இதே விதியைத்தான் 2,200 ஆண்டுகளுக்கு முன் சிராக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கணிதமாக எழுதி வைத்தார். அவர் உலக மேதை. நம் அம்மாவுக்குப் பெயர் 'பால்மரத் தொழிலாளி'. எழுதி வைத்தவருக்கும் எழுதத் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

தேய்ந்த கல்லின் கதை

எழுதத் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நம் சிறுவயதுச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறோம்.

நம் மாமா ஒருவருக்கு இரண்டு ஏக்கர் ரப்பர்த் துண்டு இருந்தது. கட்டிப்பால் வாங்க வரும் வியாபாரி டாச்சிங்கைத் தூக்கிப் பிடித்து நிறுப்பார். டாச்சிங்கில் ஒரு பக்கம் குட்டைக் கை, அதில் கொக்கி. மறுபக்கம் நீண்ட கை, அதில் நகர்த்தும் கல். கல் எங்கே நிற்கிறதோ அங்கே இருக்கும் புள்ளிதான் எடை. மாமாவுக்கு எப்போதும் சந்தேகம். ஆனால் கேட்க வாய் வராது.

நம் தோட்டப் பள்ளி வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். அடுத்த முறை வியாபாரி வந்தபோது, கடையில் வாங்கிப் பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையை அதே கொக்கியில் மாட்டச் சொன்னோம். டாச்சிங் என்ன காட்டியது தெரியுமா? ஒன்பது கிலோ சொச்சம்!

வியாபாரி அசரவில்லை. "பழைய டாச்சிங்குங்க, கல்லு தேஞ்சு போச்சு" என்றார். மாமாவும் தலையாட்டிவிட்டார். ஆனால் வாத்தியார் விடவில்லை.

"கல்லு தேஞ்சா எடை குறையும். குறைஞ்ச கல்லு பாரத்தைச் சமன் செய்ய இன்னும் தூரமாப் போகணும். தூரமாப் போனா எடை கூடத்தானே காட்டணும்? இது குறைச்சுக் காட்டுதே! அப்படின்னா கல்லு தேயல, கனமாயிருக்கு. எப்படிக் கனமாச்சு?"

வியாபாரியிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் வேறு கல்லோடு வந்தார்!

கணக்கைப் பாருங்கள். குட்டைக் கை 5 செண்டிமீட்டர், கல் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். கோலின் எடையை விட்டுவிடுவோம். 30 கிலோப் பாரத்துக்குக் கல் 100 செண்டிமீட்டரில் நிற்கவேண்டும். கல்லில் நூறு கிராம் ஈயத்தைச் சேர்த்தால் அது 94-க்கு முன்பே நின்றுவிடும். எடை 28 கிலோ சொச்சம் என்று காட்டும். ஒரு கைப்பிடி ஈயத்தால் ஒவ்வொரு முப்பது கிலோவிலும் இரண்டு கிலோ போயே போச்சு!

வியாபாரத் தராசுகளைச் சோதித்து முத்திரையிட நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் தானாக எழுந்து வராது. தராசைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவன்தான் அதைக் கூப்பிட வேண்டும்.

உளி, பலகை, லோரி

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பால்மர வெட்டுக்கோட்டை ஒட்டுமரத்தில் 30 பாகை சாய்வாகப் போடச் சொன்னார்களே, ஏன்? கோடு படுக்கையாக இருந்தால் பால் பட்டையில் வழிந்து வீணாகும். சாய்வாக இருந்தால் பூமியின் இழுப்பே பாலை மங்குக்குக் கொண்டுவந்து சேர்க்கும். உளியின் கூர்முனையோ ஆப்பு வகை இயந்திரம்.

பால் தோம்பை லோரியில் ஏற்றப் பலகை போட்டு உருட்டுகிறோமே, அது சாய்தளம். ஒரு மீட்டர் உயரத்துக்கு நான்கு மீட்டர் பலகை போட்டால், உராய்வை விட்டுப் பார்த்தால், கால் பங்கு விசை போதும்.

லோரியில் நின்றுகொண்டு போனவர்களுக்கு நியூட்டனின் முதல் விதி நன்றாகத் தெரியும். டிரைவர் பிரேக்கை மிதித்தால் லோரி நிற்கும். நாம் நிற்கமாட்டோம், முன்னே போய் விழுவோம்! 1687-இல் நியூட்டன் அச்சில் போட்ட விதி இதுதான். ஓடுகிற பொருளை வேறொரு விசை தடுக்கும்வரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மோட்டார் சைக்கிளில் பறக்கும் தம்பிகளும் கேளுங்கள். வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரட்டிப்பு அல்ல, நான்கு மடங்கு! இது தெரியாமல் போன பிள்ளைகளின் இழவு வீடுகளுக்கு நாமும் போய் வந்திருக்கிறோம்.

சொல்தான் மாறுகிறது

"எல்லாம் புரியுது பெரியப்பா. ஆனா இடைநிலைப் பள்ளியில மலாய்லதானே வருது?" என்றாள் அந்தப் பெண்.

நியாயமான கேள்வி. தமிழ்ப் பள்ளியில் நெம்புகோல், பளு, விசை என்று படித்த பிள்ளைக்கு அங்கே துவாஸ், பெபான், டாயா என்று வந்து நிற்கிறது. நடுவில் 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் என்றார்கள், பிறகு அதையும் மாற்றினார்கள். நம் பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் தடுக்கி விழுகிறார்கள்.

ஆனால் தள்ளுவண்டிக்கு மொழி ஏது? பொருள் கைக்குத் தெரிந்துவிட்டால் சொல் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தால்தான் எந்த மொழியிலும் பயம்.

பிள்ளையின் பாரம்

தோழர்களே! செம்பனை நின்ற அதே செடெனாக் மண்ணில் இன்று ஜொகூர் கார்ப்பரேஷனின் தொழில்நுட்பப் பூங்கா எழுந்திருக்கிறது. மின்சாரத்தை மென்று தின்னும் தரவு மையங்கள் வந்துவிட்டன. அங்கே காவல் வேலையும் கூட்டிப் பெருக்கும் வேலையும் மட்டும் நம் பிள்ளைக்கு என்று யார் எழுதி வைத்தது? குளிரூட்டும் குழாயையும் மின்கம்பியையும் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனாக அவள் உள்ளே போகக்கூடாதா? அந்தக் கதவுக்கு முதல் சாவிகளில் ஒன்று, அந்தப் பாரத்தில் இருந்த சின்னக் கட்டம்!

பெற்றோரே, "நமக்கு ஏறாது" என்ற சொல்லை மட்டும் பிள்ளையின் காதில் போடாதீர்கள். படிக்காதவர் என்று கூச்சப்படவும் வேண்டாம். உங்கள் வண்டியைக் காட்டுங்கள், கம்பைக் காட்டுங்கள். "இது ஏன் லேசாயிருக்கு?" என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளை தேடிக் கண்டுபிடிக்கும். நம் சங்கத்துக் கிளைகளும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் மண்டபத்தைத் திறந்துவிட்டால், மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே!

அந்தப் பெண் பாரத்தில் கடைசியாக என்ன எழுதினாள் என்று நாம் கேட்கவில்லை. அது அவர்கள் வீட்டு முடிவு. ஆனால் புறப்படும்போது திரும்பிப் பார்த்தோம். வாசல் வெளிச்சத்தில் அப்பனும் மகளும் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். அவர் நாடாவைப் பிடிக்க, அவள் அளந்துகொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நிற்கிறதல்லவா?