கள்ளூர் வழக்கு

களவு மணத்துக்குச் சாட்சி கிடையாது. தினைப்புனத்தில் இருவர் கண்டனர், காதலித்தனர், கூடினர். பெற்றோர் அறியார், ஊரும் அறியாது. நாளைக்கு அவன் வந்து, "இவள் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால்?

குறுந்தொகையில் கபிலர் காட்டும் தலைவி ஒருத்தி இதை எண்ணித்தான் கலங்குகிறாள். அன்று அருகில் இருந்தது ஒரே ஒரு நாரை. அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது! நாரையைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியுமா?

கள்ளூரில் ஒருவன் அப்படியே செய்துவிட்டான். அகநானூற்றின் 256-ஆம் பாட்டில் அந்த வழக்கு வருகிறது. ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்தவன், அவளை அறியவே மாட்டேன் என்று பொய்ச் சத்தியம் செய்தான். சபையோர் விடவில்லை. அறிந்த சாட்சிகளை விசாரித்தார்கள். பொய் வெளிப்பட்டது. அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டினார்கள். சபை ஆரவாரித்ததாம்! தண்டனை காதலித்ததற்கு அன்று, கைவிட்டதற்கு. அந்தப் பெண்மீது பாட்டில் ஒரு பழிச்சொல்லும் இல்லை.

பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பிறகே பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியர் கற்பியலில் சொல்வதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

ஆனால் ஒன்று. கள்ளூர்க் கதையைப் பாட்டிலே சொல்பவள் தோழி. கேட்பவன் யார் தெரியுமா? பரத்தையிடம் போய்விட்டு வீட்டு வாயிலில் வந்து நிற்கும் கணவன்! உன்னைப் பற்றி ஊர் பேசும் பேச்சு அந்த ஆரவாரத்தைவிடப் பெரிது என்று இடித்துரைக்கிறாள். அவ்வளவுதான். அவனைக் கட்டி வைக்க எந்தச் சபையும் கூடவில்லை.