செகண்ட் ஹேண்ட் விமானமா? அங்கேயும் 'புக்' முக்கியம்!

பழைய பைக் வாங்கப் போனா முதல்ல ஆர்.சி. புக், கடன் பாக்கியைத்தான் பார்ப்போம். கோடிக்கணக்கில் விலை போகும் பழைய சொகுசு ஜெட் விமானத்துக்கும் இதே கதைதான்.

அமெரிக்காவின் 'கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550' ஒரே மூச்சில் சுமார் 12,500 கி.மீ. பறக்கும். தனியாருக்கான கடைசி விமானம் 2021-ல் கைமாறியதால், இனி வேண்டுமென்றால் பழசுதான்.

முன்பணத்தை விற்பவர் கையில் கொடுப்பதில்லை. பொதுவான மூன்றாம் ஆளிடம் கட்டுகிறார்கள். பிறகு மெக்கானிக்குகள் என்ஜினுக்குள் கேமரா குழாயை விட்டு அலசுவார்கள். பராமரிப்பு நோட்டில் பக்கங்கள் காணவில்லை என்றாலே விலை சரிந்துவிடும்.

அமெரிக்கப் பதிவு விமானம் என்றால், கடன் பாக்கி உண்டா என்று ஒக்லஹோமா சிட்டி பதிவு அலுவலகத்தில் தேடுவார்கள். தேடாமல் வாங்கினால், முழுப் பணம் கொடுத்தவரிடம் இருந்தே கடன்காரர் விமானத்தை தூக்கிட்டுப் போகலாம்!