உஷார்! சம்பளம் 21,000-ஐத் தாண்டுகிறதா?

ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களே, இன்கிரிமென்ட் கடிதம் வந்தால் பிரியாணிக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இஎஸ்ஐ கையைவிட்டுப் போகும். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு இது. நல்லவேளை, அன்றைக்கே நிற்காது. செப்டம்பரிலோ மார்ச்சிலோ அந்த அரையாண்டு முடியும்வரை பிடித்தம் ஓடும், சிகிச்சை உரிமை அதற்குப் பிறகும் சில மாதம் வரும்.

21,000 ரூபாய்க்கு உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 158 ரூபாய். உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து வைத்தியம். சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது என்று யாரும் குடைவதில்லை. தனியார் பாலிசியில் முதல் கேள்வியே அதுதான்.

அங்கே போட்டியெல்லாம் பெயரில். கோல்டு, பிளாட்டினம், போனஸ், இலவச செக்கப் என்று ஏஜென்ட் அடுக்குவார். ரூம் வாடகை வரம்பை மட்டும் வாய் திறக்க மாட்டார். 3 லட்சம் பாலிசியில் நாளுக்கு 1 சதவீதம் என்றால் 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் படுத்தால், கூடுதல் 3,000-த்தோடு விட்டுவிடுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறும் மருத்துவமனையில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதிதான் வரும். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் வைக்கும் கருவி ஆகியவற்றில் இப்படிக் கழிக்கக்கூடாது; பில்லில் கழித்திருந்தால் சண்டை போடுங்கள்.

எதை எதோடு ஒப்பிடுவது என்று தலை சுற்றினால் ‘ஆரோக்ய சஞ்சீவனி’யை அளவுகோலாக வையுங்கள். 2020 ஏப்ரலில் வந்த பாலிசி. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் நிபந்தனை ஒன்றே, பிரீமியம்தான் வேறு. ரூம் வாடகை 2 சதவீதம், அதிகபட்சம் 5,000; பில்லில் 5 சதவீதம் உங்கள் தலையில். இதைவிட மோசமான வரம்புள்ள ‘பிளாட்டினம்’ எதற்கு?

“சர்க்கரையை எழுதாதீங்க தம்பி” என்பார் சிலர். கேட்காதீர்கள். மறைத்தது முதல் 5 வருடத்துக்குள் தெரிந்தால் கிளெய்மையே மறுக்கலாம். எழுதினாலும் அந்த நோய்க்கு அதிகபட்சம் 3 வருடம் காத்திருக்க வேண்டும்.

கம்பெனி குரூப் பாலிசி இருக்கிறதே என்கிறீர்களா? வேலை போனால் அதுவும் போகும். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா மூடியதைப் பார்த்த ஊர் இது.

அதனால் சம்பளம் 19,000, 20,000-ல் இருக்கும்போதே சொந்தப் பாலிசி ஒன்று எடுங்கள். பழைய நோய்க்கான காத்திருப்பில் கொஞ்சமாவது இஎஸ்ஐ நிழலில் கழியும். பத்திரம் வந்ததும் ரூம் வாடகைப் பக்கத்தைப் புரட்டுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் இருக்கிறது.