தந்தை கொல்லப்பட்ட வாரத்தில் ஒரு கூடைப்பந்தாட்டம்: ஸ்டீவ் கெர்ரின் பல்கலைக்கழக வருடங்கள்

1984 ஜனவரி 18ஆம் திகதி அதிகாலை மூன்று மணியளவில், அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக மாணவர் விடுதியில் தொலைபேசி ஒலித்தது. எடுத்தவர் 18 வயதான முதலாம் வருட மாணவர் ஸ்டீவ் கெர். மறுமுனையில் பேசியவர் குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவர். லெபனானின் தலைநகர் பெய்ரூட்டில் ஸ்டீவின் தந்தை சுட்டுக்கொல்லப்பட்டுவிட்டார் என்ற செய்தியைச் சொல்லத்தான் அவர் அழைத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து அரிசோனா அணிக்கு ஓர் ஆட்டம் இருந்தது. ஸ்டீவ் அதில் விளையாடினார்.

ஸ்டீவ் கெர் இன்று உலகறிந்த பயிற்றுவிப்பாளர். கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் அணியை 2015, 2017, 2018, 2022 ஆகிய நான்கு வருடங்களில் என்.பி.ஏ. சம்பியனாக்கியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தங்கப்பதக்கம் பெற்றுக்கொடுத்தவர். இந்தக் கட்டுரை அதற்கு முந்தைய ஐந்து வருடங்களைப் பற்றியது. 1983 முதல் 1988 வரை, அரசியல் கொலையொன்றில் தகப்பனை இழந்த ஒரு மாணவன் எப்படி விளையாடினான், எப்படிப் படித்து முடித்தான், அந்த விளையாட்டு அவனுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதே இங்கு பேசப்படுகிறது.

பெய்ரூட்டில் வேரோடிய குடும்பம்

கெர் குடும்பத்துக்கும் லெபனானுக்கும் உள்ள உறவு மூன்று தலைமுறைகளுக்குரியது. ஸ்டீவின் தாத்தாவும் பாட்டியும் ஆர்மேனிய இனப்படுகொலையில் தப்பிய அநாதைப் பிள்ளைகளைப் பராமரிக்கும் நிவாரணப் பணிக்காக அந்தப் பிராந்தியத்துக்குச் சென்றவர்கள். பின்னர் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி அங்கேயே பல தசாப்தங்கள் வாழ்ந்தார்கள். தந்தை மல்கம் கெர் 1931இல் பெய்ரூட்டில் பிறந்தார். ஸ்டீவும் 1965 செப்டெம்பர் 27இல் அதே நகரில்தான் பிறந்தார்.

மல்கம் கெர் அரபு உலக அரசியலை ஆழ்ந்து கற்ற பேராசிரியர். லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ இருபது வருடங்கள் கற்பித்தார். இடையிடையே குடும்பத்தோடு கெய்ரோவிலும் வசித்தார். அதனால் ஸ்டீவின் சிறுபராயம் கலிபோர்னியாவிலும் எகிப்திலுமாகக் கழிந்தது.

1982இல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவி மல்கமுக்குக் கிடைத்தது. லெபனானில் உள்நாட்டு யுத்தம் தொடங்கி ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வருடம் ஜூன் மாதத்தில் இஸ்ரேல் லெபனான் மீது படையெடுத்தது. ஜூலையில் பல்கலைக்கழகத்தின் பதில் தலைவர் டேவிட் டொட்ஜ் கடத்தப்பட்டார். ஆபத்து என்னவென்று மல்கமுக்கும் மனைவி ஆன் கெர்ருக்கும் நன்றாகவே தெரியும். ஆனாலும் பிறந்த ஊரின் பல்கலைக்கழகத்தை யுத்த காலத்தில் மூடவிடாமல் நடத்துவது தன் கடமை என்று கருதி அவர் சென்றார்.

1983 கோடை விடுமுறையில் ஸ்டீவ் பெய்ரூட் சென்றிருந்தார். திரும்புவதற்காக விமான நிலையத்தில் காத்திருந்தபோது அங்கு ஷெல் வீழ்ந்தது. பின்னர் வாகனத்தில் மலைப்பாதையால் சிரியாவுக்கூடாக ஜோர்தான் சென்று, அங்கிருந்தே விமானம் ஏறினார். பல்கலைக்கழகத்தின் முதல் நாளுக்கு அவர் போய்ச்சேர்ந்த வழி இதுதான்.

ஒருவரும் கேளாத ஆட்டக்காரர்

கூடைப்பந்தாட்டத்தில் பொயின்ட் கார்ட் என்பவர் பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். எந்தத் திட்டத்தை ஆடுவது, யாருக்கு எப்போது பந்தைக் கொடுப்பது, எப்போது வேகத்தைக் குறைப்பது என்பதெல்லாம் அவர் கையில். அணியில் பெரும்பாலும் உயரம் குறைந்தவர் அவராகத்தான் இருப்பார். ஐந்து பேருக்குமாக மைதானத்தைப் பார்க்கவேண்டியவரும் அவரே.

பாடசாலையை முடித்த ஸ்டீவைப் பெரிய பல்கலைக்கழகங்கள் தேடி வரவில்லை. கொன்சாகா பல்கலைக்கழகம் அழைத்துப் பார்த்தது. அங்கே அவருக்கு எதிராக ஆடியவர், பின்னாளில் என்.பி.ஏ.யின் மிகச்சிறந்த பொயின்ட் கார்ட்களில் ஒருவரான ஜோன் ஸ்டொக்டன். ஸ்டீவ் ஓர் அடி மெதுவானவர் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதேநேரம் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு லூட் ஓல்சன் என்ற புதிய பயிற்றுவிப்பாளர் வந்திருந்தார். அந்த அணி முந்தைய பருவத்தில் ஆடிய 28 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்றிருந்தது. ஓல்சனிடம் ஒரு புலமைப்பரிசில் மிஞ்சியிருந்தது. ஸ்டீவின் வேகம் குறைவென்றாலும் தூரத்திலிருந்து குறிதவறாமல் எறியும் அவரது கையைப் பார்த்து, அதை அவருக்குக் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு

மல்கம் கெர் பல்கலைக்கழகத்தின் பிரதான கட்டடத்தில், தன் அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் வைத்து இருவரால் தலையில் சுடப்பட்டார். வயது 52. பதவியேற்று ஒன்றரை வருடங்கள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. இஸ்லாமிய ஜிஹாத் என்ற பெயரில் தொலைபேசியில் பேசியவர்கள் கொலைக்கு உரிமை கோரினார்கள்.

தாயும் கடைசித் தம்பியும் பெய்ரூட்டில், மற்றைய சகோதரர்கள் வேறு நாடுகளில். ஸ்டீவ் அரிசோனாவின் டூசன் நகரில் தனியே இருந்தார். என்ன செய்வதென்று தெரியாத நிலையில் அவர் பயிற்சிக்குப் போனார். சக வீரர்களோடு இருப்பது மட்டுமே அப்போது முடிந்த காரியமாக இருந்தது.

ஜனவரி 20, வெள்ளிக்கிழமை இரவு. எதிரணி அயல் நகரத்துப் போட்டியாளரான அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம். ஆட்டத்துக்கு முன் மல்கம் கெர்ருக்காக அரங்கம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. ஸ்டீவ் அழுதுகொண்டு நின்றார். பின்னர் மாற்று வீரராக இறங்கி, தொலைவிலிருந்து எறிந்த முதல் பந்தைக் கூடைக்குள் போட்டார். அன்று அவர் பெற்றது 12 புள்ளிகள். அரிசோனா இலகுவாக வென்றது.

தகப்பன் செத்து இரண்டு நாளில் எப்படி ஆட முடிந்தது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். செத்தவீட்டுக்குப் பிறகு பரீட்சை மண்டபத்துக்குப் போன பிள்ளைகளிடமும், மறுவாரமே கடையைத் திறந்த தாய்மாரிடமும் ஊர் இதே கேள்வியைத்தான் கேட்கும். அந்த இரண்டு மணித்தியாலங்களுக்கு மட்டும் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது ஸ்டீவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பந்து வரும், பார்க்கவேண்டும், கொடுக்கவேண்டும் அல்லது எறியவேண்டும். ஆட்டம் முடிந்ததும் துக்கம் அதே இடத்தில் காத்திருந்தது.

முழங்கால்

அடுத்த இரண்டு பருவங்களில் ஸ்டீவ் அணியின் நிரந்தர வீரரானார். 1986 கோடையில் ஸ்பெயினில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்கு, ஓல்சனின் தலைமையில் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்ட அமெரிக்க அணி சென்றது. பிரேசிலுக்கு எதிரான அரையிறுதியில் ஸ்டீவின் வலது முழங்கால் நார்கள் கிழிந்தன. அணி தங்கம் வென்றது. ஸ்டீவிடம் மருத்துவர் சொன்னது, இனி விளையாட முடியாமல் போகலாம் என்பது.

1986-87 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்போது ஒரு மாணவர் நான்கு பருவங்களே ஆடமுடிந்தது. காயத்தால் ஒரு வருடம் போனால் ஐந்தாவது வருடத்தில் அந்தப் பருவத்தை ஆடி முடிக்க அனுமதியிருந்தது. அவர் சத்திரசிகிச்சை செய்து, காலைத் தேற்றி, படிப்பையும் தொடர்ந்தார். அவர் வாங்கில் உட்கார்ந்திருந்த அதே வருடத்தில்தான் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு நாடு முழுவதும் அறிமுகமானது. அவரது கைக்கென்றே வந்தது போன்ற விதி, அவர் இல்லாத வருடத்தில் வந்தது.

திரும்பி வந்த 1987-88 பருவத்தில் அவர் எறிந்த 199 மூன்று புள்ளி எறிகைகளில் 114 கூடைக்குள் விழுந்தன. அது 57.3 வீதம். பத்துக்கு நான்கு விழுந்தாலே நல்ல எறிகையாளர் என்று சொல்லப்படும் ஆட்டம் இது. அரிசோனா 35 ஆட்டங்களில் வென்று, தன் வரலாற்றில் முதற்தடவையாக நாட்டின் இறுதி நான்கு அணிகளுக்குள் வந்தது.

வசைக்கூச்சல்

அந்தப் பருவத்தின் பெப்ரவரியில், நான்கு வருடங்களுக்கு முன் ஆடிய அதே அரிசோனா ஸ்டேட் அணியின் சொந்த அரங்கில் ஓர் ஆட்டம். ஸ்டீவ் எறிந்து பழகிக்கொண்டிருந்தபோது பார்வையாளர் பகுதியில் ஒரு சிறு கூட்டம் கூச்சலிட ஆரம்பித்தது. அவரது தந்தையின் மரணத்தைக் கேலி செய்தார்கள். பலஸ்தீன இயக்கத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பெய்ரூட்டுக்கே திரும்பிப் போ என்றார்கள்.

அவர் பந்தை விட்டுவிட்டு வாங்கில் போய் உட்கார்ந்தார். உடல் நடுங்கியது, கண்ணீர் வந்தது. பிறகு எழுந்து ஆடினார். முதற்பாதியில் எறிந்த ஆறு மூன்று புள்ளி எறிகைகளும் விழுந்தன. அரிசோனா 101க்கு 73 என்று வென்றது. எதிர்த்தரப்புப் பல்கலைக்கழகம் பின்னர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்பியது.

இதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அன்று அந்த ஆறும் விழாமல் போயிருந்தாலும் அந்தக் கூச்சல் அதே அளவு கொடுமையானதுதான். சில வாரங்களின் பின் ஒக்லஹோமாவுக்கு எதிரான அரையிறுதியில் ஸ்டீவின் எறிகைகள் பெரும்பாலும் தவறின. அரிசோனா 78க்கு 86 என்று தோற்றது. அந்த நாள் தன்னை நீண்டகாலம் வருத்தியதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

பட்டம், தொழில், குரல்

1988இல் ஸ்டீவ் வரலாறு, சமூகவியல், ஆங்கிலம் ஆகியவற்றை முக்கிய பாடங்களாகக் கொண்ட பொதுக்கற்கைகள் இளமாணிப் பட்டத்தைப் பெற்று வெளியேறினார். தந்தையைப் போல் ஆய்வறிஞராக அவர் ஆகவில்லை. அந்த வருட என்.பி.ஏ. வீரர் தெரிவில் 50ஆவது ஆளாக பீனிக்ஸ் சன்ஸ் அணி அவரை எடுத்தது. 15 பருவங்கள் ஆடி, சிக்காகோ புல்ஸ் அணியுடன் மூன்று, சன் அன்டோனியோ ஸ்பேர்ஸ் அணியுடன் இரண்டு என ஐந்து சம்பியன் பட்டங்களில் பங்குகொண்டார். சிக்காகோவில் அவரோடு ஆடிய மைக்கல் ஜோர்டனும் தகப்பனைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவரே.

படித்த வரலாறும் வாழ்ந்த வரலாறும் அவரது பேச்சில் பின்னாளில் வெளிப்பட்டன. 2017இல் சில முஸ்லிம் நாட்டவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவது தடைசெய்யப்பட்டபோது, தன் தந்தையின் கொலையைக் குறிப்பிட்டே அந்தத் தடையை எதிர்த்தார். 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி பாடசாலையில் 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக்கொல்லப்பட்ட அன்று, ஆட்டத்தைப் பற்றிப் பேச மறுத்து, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றாத செனட்டர்களைக் கடுமையாகச் சாடினார்.

நீதி என்ற வேறு ஆட்டம்

விளையாட்டோ பட்டமோ தர முடியாத ஒன்று இருந்தது. தந்தையை யார் கொன்றது என்ற கேள்விக்கான பதில் அது.

1996இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் அரசுகள் மீது வழக்குத் தொடர இடம் கொடுத்தது. வழக்குப் போடுவதா என்று குடும்பம் நீண்டகாலம் யோசித்தது. ஸ்டீவின் அக்கா சூசன் அதைப் பற்றி ஒரு நூலே எழுதியுள்ளார். இறுதியில் ஈரானுக்கு எதிராக வழக்குத் தொடுக்கப்பட்டது. 2003 பெப்ரவரியில், ஈரானின் ஆதரவோடு ஹிஸ்புல்லாவே இந்தக் கொலையைச் செய்தது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, சுமார் 3.3 கோடி டொலர் நட்டஈடு விதித்தது. அதற்கு 19 வருடங்கள் சென்றிருந்தன. துப்பாக்கியை இயக்கிய இருவரும் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை.

ஆயினும் அந்தக் குடும்பத்துக்கு ஏறுவதற்கு ஒரு நீதிமன்றப் படியாவது இருந்தது. அதே யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்ட லெபனானியர்களின் தொகை 17,000 என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. 1991இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் யுத்தகாலக் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கதவை மூடியது. காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடுவதற்கான ஆணைக்குழுவுக்கு வழிவகுக்கும் சட்டம் 2018இல்தான் நிறைவேறியது. படங்களைக் கையில் ஏந்தி வீதியில் நின்ற தாய்மாரில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். இதை வாசிக்கும் எமக்கு இது புதிய கதை அல்ல.

மல்கம் கெர்ரின் சாம்பல் அவர் தலைமை தாங்கிய பல்கலைக்கழக வளாகத்தில், ஓர் ஆலமரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டது. ஆன் கெர் கணவரைப் பற்றியும் லெபனானைப் பற்றியும் எழுதினார், சர்வதேசக் கல்விப் பரிமாற்றத்துக்காகத் தொடர்ந்து உழைத்தார். மகன் பந்தோடு போனார். மகள் வழக்கைப் பற்றி எழுதினார். ஒரே வீட்டில் ஒவ்வொருவரும் துக்கத்தை ஒவ்வொரு விதமாகச் சுமந்தார்கள். விளையாடியவர் மறந்துவிட்டார் என்றோ, வழக்காடியவர் வெறுப்பில் வாழ்கிறார் என்றோ அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. வாழ்க்கையைத் தொடர்வதும் பதிலைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் அங்கே ஒன்றாகவே நடந்தன.