உப்புநீர் மீன்தொட்டியில் வெண்புள்ளி நோய்



கேமரன் மலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்பவர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால், தாப்பா வழியாகவோ ஈப்போ வழியாகவோ மலையிறங்கிப் போக வேண்டும். ஆனால் கடல் மீனை வீட்டில் வளர்ப்பதற்குக் கடற்கரையில் குடியிருக்க வேண்டியதில்லை. கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவையை, குளோரின் நீக்கிய தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைத்தால் கடல்நீருக்கு ஒப்பான நீர் கிடைத்துவிடும். சமையல் உப்பு இதற்கு உதவாது.

பிள்ளைகள் ஆசைப்பட்டதற்காகப் பெற்றோர் காசு சேர்த்து ஒரு தொட்டியும் இரண்டு மூன்று மீன்களும் வாங்கி வைக்கிறார்கள். சில வாரங்களில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தால், பணமும் போகிறது, பிள்ளையின் முகமும் வாடுகிறது. அப்படிச் சாவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று வெண்புள்ளி நோய். அது ஏன் வருகிறது, எப்படித் தீர்ப்பது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் அடையாளம். மீனின் உடலிலும் துடுப்பிலும் உப்புக்கல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன் கல்லில் உரசிக்கொள்ளும். வேகவேகமாக மூச்சு வாங்கும். இரை எடுக்காது. சில வேளைகளில் புள்ளி அதிகம் தெரியாமலே மீன் இறந்துவிடும். ஒட்டுண்ணி செவுளுக்குள் புகுந்து மூச்சை அடைப்பதே அதற்குக் காரணம்.

இந்த ஒட்டுண்ணி ஓர் ஒற்றைச் செல் உயிரி. ஜப்பானிய ஆய்வாளர் சிக்காமா இதை 1930களில் விவரித்தார். 1951இல் பிரவுன் என்பவர் இதற்குக் ‘கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ்’ என்று பெயரிட்டார். இது தொட்டி மீனை மட்டும் தாக்குவதன்று. கடலில் கூண்டு கட்டிச் சியாக்காப், கெராப்பு வளர்ப்பவர்களின் பிழைப்பையும் கெடுக்கக்கூடியது. கூண்டு மீன்களின் ஒட்டுண்ணிகளைப் பற்றி நம் நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோங் தாக் செங், வோங் ஆகிய இருவரும் கடலில் பிடித்த கெராப்பையும் கூண்டில் வளர்த்த கெராப்பையும் ஒப்பிட்டு 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

நோயை வெல்ல வேண்டுமானால் அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒட்டுண்ணிக்கு மூன்று முக்கியப் பருவங்கள் உண்டு. முதற்பருவத்தில் அது மீனின் தோலுக்கடியில் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கிறது. நாம் காணும் வெள்ளைப் புள்ளி இதுதான். பிறகு மீனைவிட்டு உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டுகிறது. இது இரண்டாம் பருவம். கூட்டுக்குள் அது பிளந்து பிளந்து பெருகுகிறது. 3 நாள் முதல் 28 நாள் வரையில் கூடு உடையும். சில கூடுகள் அதற்கும் மேல் தாங்குவதுண்டு. ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுகள்கூட வெளிவரலாம். இந்த நீந்தும் குஞ்சுப் பருவம் மூன்றாவது. ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் அகப்படாவிட்டால் குஞ்சு செத்துவிடும்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐந்தாறு நாளில் புள்ளிகள் தாமாகவே மறைகின்றன. மீனும் தெளிவாகத் தெரிகிறது. ‘நோய் போய்விட்டது’ என்று மருந்தை நிறுத்திவிடுகிறோம். உண்மையில் நோய் போகவில்லை. தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஒன்றுக்கு இருநூறாக வருகிறது. பெரும்பாலான தொட்டிகள் இந்த இரண்டாம் சுற்றில்தான் அழிகின்றன. ஆகையால் இந்த நோய்க்குக் கண்ணைப் பார்த்து வைத்தியம் செய்யக்கூடாது. நாட்காட்டியைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து ஒட்டுண்ணியைச் சரியாகத் தொடுவதில்லை. நீந்தும் குஞ்சுதான் அகப்படும். நம் தோட்ட வரலாற்றிலேயே இதற்கு ஒப்பான பாடம் உண்டு. 1901இல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன், மலேரியா நோயாளிக்குக் கொய்னா கொடுத்ததோடு நிற்காமல், கொசு பிறக்கும் சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்தார். எதிரி எந்தப் பருவத்தில் கைக்கு அகப்படுமோ அங்கே பிடிக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

இனிச் சிகிச்சை. செலவு குறைந்த வழி, மருந்தே இல்லாத இடமாற்ற முறை. இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், ஒரு நீர்ச்சூடேற்றி, ஒரு காற்று மோட்டார் இருந்தால் போதும். மணலும் கல்லும் போட வேண்டாம். நோய் கண்ட நாளிலேயே எல்லா மீன்களையும் முதல் தொட்டிக்கு மாற்றுங்கள். அதன்பின் 4ஆம் நாள், 7ஆம் நாள், 10ஆம் நாள், 13ஆம் நாள் என நான்கு முறை, கழுவி உலர்த்திய தொட்டியில் புதிய உப்புநீர் நிரப்பி மீனை மாற்றுங்கள். உதிர்ந்த கூடு உடைவதற்குக் குறைந்தது 3 நாள் ஆகும். அதற்குள் மீன் இடம் மாறிவிடுவதால் குஞ்சுக்கு மீன் கிடைப்பதில்லை. 40 லிட்டர் தொட்டியானால் ஐந்து முறை நிரப்ப ஏறக்குறைய 7 கிலோ கடலுப்பு செலவாகும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள். புதிய நீரின் உப்பும் சூடும் பழைய நீரோடு ஒத்திருக்க வேண்டும். மீனுடன் பழைய நீரைக் கூடியவரை கொண்டுபோகக் கூடாது. வலை, குவளை, சூடேற்றி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி முற்றும் உலரவிட வேண்டும். மலையில் மழையும் மூடுபனியும் மிகுதி; வெயிலை நம்பியிராமல் துணியால் துடைத்து அடுப்படியில் வைத்து உலர்த்துங்கள்.

இரண்டாவது வழி செப்பு மருந்து. மீன் கடையில் கிடைக்கும் மருந்தையே, தனித் தொட்டியில் மட்டும், சீட்டில் சொன்ன அளவில் பயன்படுத்த வேண்டும். பொதுவாக லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை கரைந்த செம்பு தேவை. குறைந்தால் குஞ்சு சாகாது. கூடினால் மீன் சாகும். ஆகவே சோதனைப் பெட்டி வாங்கித் தினமும் அளந்து, 3 முதல் 4 வாரம் அதே அளவில் வைத்திருக்க வேண்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் பவளமும் மடியும். கல்லும் மணலும் செம்பை உறிஞ்சிவிடும்.

தோட்டத்தில் இருக்கும் நாம் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1946இல் இலங்கையைத் தாக்கிய தேயிலைக் கொப்புள நோய்க்கும் செப்பு மருந்துதான் தெளித்தார்கள். அதுவும் செம்பு, இதுவும் செம்புதானே என்று எண்ணிப் பயிர் மருந்தையோ மயில்துத்தத்தையோ கைக்கணக்கில் மீன்தொட்டியில் போடாதீர்கள். ஒரு சிட்டிகை கூடினாலும் தொட்டி முழுதும் போய்விடும்.

மீன் வெளியேறிய பெரிய தொட்டியை என்ன செய்வது? அதில் மீன் விடாமல் குறைந்தது 6 வாரம், முடிந்தால் 10 வாரம் காத்திருங்கள். இறாலும் நத்தையும் அங்கேயே இருக்கலாம். அவற்றில் இந்த ஒட்டுண்ணி வளராது. அதுவரை மீன்கள் தனித் தொட்டியிலேயே இருக்கட்டும். இரையை அளவாகப் போட்டு, நீரை அடிக்கடி மாற்றுங்கள்.

நன்னீர் மீனுக்கும் வெண்புள்ளி வரும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அது வேறு உயிரி. நீரைச் சூடாக்கி உப்புப் போடும் வைத்தியம் அதற்குப் பொருந்தும். கடல் மீனின் நோய்க்குப் பொருந்தாது. மேலும், புள்ளிகள் மிக நுண்ணிய பொன்தூள்போல் தெரிந்தால் அது வெல்வெட் நோய் எனும் மற்றொன்று. அது மிக விரைவில் கொல்லும். அன்றே மீன் கடைக்காரரிடம் காட்டிச் சிகிச்சை தொடங்க வேண்டும்.

நோய் வராமல் காப்பதே மேல். புதிதாக வாங்கும் மீனை 4 வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் விடுங்கள். கேமரன் மலையின் இரவுக் குளிர் 16 டிகிரி வரை இறங்கும். பவளப்பாறை மீனுக்கோ 25, 26 டிகிரி வேண்டும். இரவில் மின்சாரம் நின்றால் நீர் குளிர்ந்து மீன் தளர்ந்துபோகும். தளர்ந்த மீனைத்தான் நோய் எளிதில் பற்றும். தொட்டியைக் கம்பளியால் சுற்றிவைத்து, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

சிகிச்சை தொடங்கும் நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து, மாற்ற வேண்டிய நாட்களையும் வட்டமிடுங்கள். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். புள்ளி மறைந்த பிறகும் கடைசி வட்டம்வரை பொறுமையாகச் செய்தால், மீன் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.